இறுகிப்போன ஹைட்ராலிக் கூரைப் பம்பை மீட்டெடுத்தல்: 1960களின் கன்வெர்ட்டிபிள் கார்களுக்கான முழுமையான வழிகாட்டி

1960களில் அமெரிக்காவில் விற்பனையான செவ்ரோலே இம்பாலா, போன்டியாக் போனவில், பியூக் லெசேபர் முதலிய கன்வெர்ட்டிபிள் கார்கள் வெவ்வேறு பெயர்களைத் தாங்கியிருந்தாலும், அவற்றின் கூண்டைக் கட்டியது ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவுதான். ஆகவே அவற்றின் துணிக்கூரையை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் அமைப்பும் ஏறத்தாழ ஒன்றே. பின்னிருக்கைச் சாய்மானத்துக்குப் பின்னால் கிடைமட்டமாகப் பொருத்தப்பட்ட மோட்டாரும் பம்பும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள், இவற்றை இணைக்கும் ஹோஸ்கள், ஓட்டுநர் கைக்கு எட்டும் ஒரு சுவிட்ச் ஆகியவையே அதன் உறுப்புகள். பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற இத்தகைய காரில் சுவிட்சை அழுத்தியும் கூரை அசையாமல் இருந்தால், பம்ப் உள்ளே இறுகிப்போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பம்பைக் கழற்றி, விடுவித்து, சோதித்து, மீண்டும் பொருத்தும் முறையை இங்கே படிப்படியாகத் தருகிறேன். அதே காலத்து ஃபோர்டு, கிரைஸ்லர் கார்களிலும் தத்துவம் இதுவே. திருகுகளின் இடமும் சிறு உறுப்புகளின் வடிவமும் மட்டும் மாறும்.

தொடங்கும் முன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இறுகிய பம்பைச் சுழல வைப்பது இந்த வேலையின் எளிய பகுதி. அதை இறுகச் செய்த கெட்டுப்போன திரவம் ஹோஸ்களிலும் சிலிண்டர்களிலும் தங்கியிருக்கும்வரை, எவ்வளவு அழகாகப் பழுது பார்த்த பம்பும் மீண்டும் இறுகும். எனவே பம்பைத் தனி உறுப்பாகக் கருதாமல், திரவம் தொடும் எல்லா இடங்களையும் ஒரே வேலையாகக் கருதுங்கள்.

அமைப்பு வேலை செய்யும் விதம்

ஆற்றலால் இயங்கும் கூரையை 1939இல் பிளைமவுத் அறிமுகப்படுத்தியபோது அது இன்ஜினின் வெற்றிட விசையால் இயங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்த 'ஹைட்ரோ-லெக்ட்ரிக்' அமைப்பில், ஒரே மின்பம்ப் கூரையையும் சன்னல்களையும் முன்னிருக்கையையும் இயக்கியது. அதில் பாய்ந்தது பிரேக் ஆயில். 1950களில் சன்னல்களும் இருக்கைகளும் தனித்தனி மின்மோட்டார்களுக்கு மாறிவிட, கூரை மட்டும் ஹைட்ராலிக்கிலேயே தங்கியது. நாம் பேசும் பம்ப் அந்த மாற்றத்துக்குப் பின் வந்தது.

மோட்டார் இரு திசைகளிலும் சுழலக்கூடியது. சுவிட்சை இறக்கும் பக்கம் அழுத்தினால், பம்ப் திரவத்தைச் சிலிண்டர்களின் மேல்முனைக்குத் தள்ளுகிறது. தண்டுகள் உள்ளே இழுக்கப்பட்டுக் கூரை மடிகிறது. ஏற்றும் பக்கம் அழுத்தினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழன்று, திரவத்தைக் கீழ்முனைக்கு அனுப்பித் தண்டுகளை வெளியே தள்ளுகிறது. ஒரு முனையில் திரவம் ஏறும்போது மறுமுனையில் இருந்த திரவம் பம்புக்கே திரும்பி வருகிறது.

பம்பின் உள்ளே, பற்சக்கரம் போன்ற இரண்டு ரோட்டர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக உள்ளன. வெளி ரோட்டரைவிட உள் ரோட்டரில் ஒரு பல் குறைவு; மையமும் சற்று விலகியிருக்கும். இரண்டும் சேர்ந்து சுழலும்போது பற்களுக்கு இடையிலான அறைகள் ஒரு பக்கம் விரிந்து திரவத்தை உறிஞ்சுகின்றன. மறுபக்கம் சுருங்கி வெளியே தள்ளுகின்றன. இந்த ரோட்டர்களுக்கும் அவற்றை மூடும் தட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மிக நுண்ணியது. அழுத்தம் உருவாவதற்கு அந்த நெருக்கம்தான் காரணம்; பம்ப் இறுகுவதற்கும் அதுவே காரணம். மெல்லிய துருப்படலம் ஒன்று படிந்தால் போதும், ரோட்டர் அசையாது.

துரு எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை பிரேக் ஆயிலின் இயல்பில் இருக்கிறது. கிளைகால் வகைப் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். ஓடும் காரின் பிரேக் அமைப்பில் அதை அவ்வப்போது மாற்றுகிறோம். கூரைப் பம்பில் இருப்பதை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. பல ஆண்டுகளில் அது நீர் கலந்து, அமிலத்தன்மை அடைந்து, எஃகு உறுப்புகளை அரிக்கிறது. போதாதற்கு, பழைய ரப்பர் ஹோஸ்களின் உட்சுவர் கரைந்து கரிய பசைபோல வந்து படிகிறது.

இறுகியது பம்ப்தானா என்று உறுதி செய்தல்

கூரை அசையாததற்கு நான்கு இடங்களில் காரணம் இருக்கலாம்: மின்சுற்று, மோட்டார், பம்ப், கூரையின் இரும்புச் சட்டகம். எதையும் கழற்றாமலேயே இவற்றைப் பெருமளவு பிரித்தறிய முடியும்.

நன்கு சார்ஜ் ஏறிய பேட்டரியுடன் முன்விளக்குகளை எரியவிட்டு, சுவிட்சை இரண்டு விநாடிக்கு மேல் போகாமல் அழுத்திப் பாருங்கள். விளக்கு நன்றாக மங்கி, பின்புறத்திலிருந்து எந்த ஓசையும் வராவிட்டால், மோட்டார் மின்சாரத்தை இழுக்கிறது, ஆனால் சுழல முடியவில்லை என்று பொருள். இறுகலின் தெளிவான அடையாளம் இது. விளக்கு சற்றும் மங்காவிட்டால் சிக்கல் சுவிட்ச், சர்க்யூட் பிரேக்கர், வயர், எர்த் இணைப்பு, கார்பன் பிரஷ் ஆகியவற்றில் எங்கோ இருக்கிறது. பம்பைத் தொட வேண்டாம். மோட்டார் ஊளையிட்டபடி ஓடியும் கூரை அசையாவிட்டால் திரவம் குறைந்திருக்கும், அல்லது மோட்டாருக்கும் ரோட்டருக்கும் இடையிலான பிணைப்பு விட்டிருக்கும். மோட்டார் ஓடி, ஓசை கனத்து, அதன்பின் அதே கனத்த ஓசையிலேயே நீடித்தால், பம்ப் அழுத்தம் தருகிறது. சட்டகமோ சிலிண்டரோதான் மறுக்கிறது.

இறுகிய மோட்டாரின் சுவிட்சைப் பிடித்துக்கொண்டே இருப்பதும், 'ஒரு தட்டுத் தட்டினால் எழுந்துகொள்ளும்' என்று நம்பித் திரும்பத் திரும்ப அழுத்துவதும் மோட்டாரைக் கொல்லும் வழிகள். சுழலாத மோட்டாரில் பாயும் மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறி, ஃபீல்டு காயிலின் (மோட்டாருக்குள் காந்தப்புலம் தரும் கம்பிச்சுருளின்) மின்காப்பு வார்னிஷைப் பொசுக்கிவிடும். ரோட்டரில் படிந்த துருவை நீக்கிவிடலாம். எரிந்த காயிலைப் புதிதாகச் சுற்றுவது பெரிய வேலை.

அடுத்து மோட்டாரின் இரு வயர்களையும் இணைப்பிலிருந்து பிரித்து, மோட்டார் உடலுக்கு நேரடி எர்த் கொடுத்து, ஃபியூஸ் பொருத்திய தனி வயரால் ஒவ்வொரு முனைக்கும் ஒரு கணம் 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் அசையாவிட்டால் ஐயமில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை: செவ்ரோலே, போன்டியாக் கார்கள் 1955இல்தான் 12 வோல்ட்டுக்கு மாறின. அதற்கு முந்தைய 6 வோல்ட் மோட்டாருக்கு 12 வோல்ட் கொடுக்கக் கூடாது.

கடைசியாகச் சட்டகத்தைச் சோதிக்க வேண்டும். சிலிண்டர் தண்டுகளைச் சட்டகத்துடன் இணைக்கும் போல்ட்டுகளை இரு பக்கமும் கழற்றிவிட்டு, இருவர் இருபுறமும் நின்று கூரையைக் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். எங்கும் சிக்காமல் நகர வேண்டும். சிக்கினால் அந்த மூட்டுகளுக்கு முதலில் எண்ணெய் விட்டுச் சரிசெய்யுங்கள்; இல்லையேல் பழுது பார்த்த பம்ப் முதல் நாளே அந்தப் பாரத்தோடு மல்லுக்கட்ட நேரும். சட்டகத்தின் மூட்டுகளில் விரல் சிக்கினால் எலும்பு முறியக்கூடும் என்பதால், ஒருவர் குரல் கொடுத்து மற்றவர் பதில் சொன்ன பின்பே நகர்த்துங்கள்.

பம்பை வெளியே எடுத்தல்

கூரை ஏற்றிய நிலையில், முன்கண்ணாடிச் சட்டத்தில் கொக்கியிட்டு இருக்க வேண்டும். பம்ப் இறுகும்போது கூரை மடிந்திருந்தால், மேலே சொன்னபடி தண்டுகளை விடுவித்துக் கையால் ஏற்றிக்கொள்ளுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். டிக்கியின் தரையிலும் பின்னிருக்கையைச் சுற்றியும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அதன்மேல் பழந்துணிகளைப் பரப்புங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். துடைத்தால் மட்டும் போதாது.

பம்ப் அலகு ரப்பர் குரோமெட்டுகளின் (அதிர்வைத் தாங்கும் வளையங்களின்) மேல் தரைத்தகட்டில் உட்கார்ந்திருக்கும். அறுபது ஆண்டு பழைய அந்த ரப்பரை நெம்பினால் கிழியும். ரப்பருக்கு ஊறு செய்யாத சோப்புக் கரைசலைத் தடவி, மெல்ல அசைத்து விடுவியுங்கள். அதற்கு முன் இரு வயர்களையும் எர்த் திருகையும் கழற்றி, எந்த வயர் எங்கே என்று சீட்டுக் கட்டிவிடுங்கள்.

ஹோஸ்களைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். இது மூடிய அமைப்பு; திரவத் தொட்டிக்குள் காற்று அழுத்தத்தோடு அடைபட்டிருக்கலாம். தொட்டியின் முனையிலுள்ள நிரப்பு அடைப்பைத் துணியால் மூடியபடி மெல்லத் தளர்த்தி, அழுத்தத்தை வெளியேற்றி, மீண்டும் இறுக்குங்கள். இதைச் செய்யாமல் ஹோஸைக் கழற்றினால் திரவம் பீய்ச்சியடித்து இருக்கை உறைகளைப் பாழாக்கும். கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்வது இந்தக் கட்டத்திலிருந்து வேலை முடியும்வரை கட்டாயம்.

ஹோஸ்களைக் கழற்றும்போது ஒரு ஸ்பேனரால் பம்பின் பக்கத்துப் பொருத்தியைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் நட்டைத் திருப்புங்கள். எந்த ஹோஸ் எந்தத் துளையில் இருந்தது என்று குறித்துவையுங்கள். மாறினால் கூரை சுவிட்சுக்கு எதிர்மாறாக நகரும். திறந்த முனைகள் அனைத்தையும் உடனே அடைத்துவிடுங்கள்.

பழைய திரவத்தை ஆராய்தல்

நிரப்பு அடைப்பைக் கழற்றித் திரவத்தை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்துக்கொள்ளுங்கள். அடுத்து எந்தக் கரைப்பானைப் பயன்படுத்துவது, எந்த சீல்களை (கசிவைத் தடுக்கும் ரப்பர் உறுப்புகளை) வாங்குவது என்பதையெல்லாம் இந்தத் திரவம்தான் முடிவு செய்யப் போகிறது.

சில சொட்டுகளைத் தண்ணீரில் விடுங்கள். கரைந்து கலந்துவிட்டால் அது கிளைகால் பிரேக் ஆயில். சிவப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு மேலே மிதந்தால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்; ஏ.டி.எஃப். என்பார்கள். ஊதா நிறமாகவும் தண்ணீரில் கலவாமலும் இருந்தால் டாட் 5 என்ற சிலிக்கோன் பிரேக் ஆயிலாக இருக்கலாம். கரையும் பகுதியும் மிதக்கும் பகுதியும் சேர்ந்தே இருந்தால், யாரோ ஒருவர் இரண்டையும் கலந்திருக்கிறார். அப்படியானால் ஹோஸ்களையும் சிலிண்டர்களையும் மாற்றுவதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். பிரேக் ஆயிலுக்கான ரப்பர் ஏ.டி.எஃப். போன்ற கனிம எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துக் கூழாகும். எண்ணெய்க்கான ரப்பரைப் பிரேக் ஆயில் கெடுக்கும்.

பழுப்பு நிறத் தூளும் அடியில் தங்கும் வண்டலும் துருவைக் காட்டுகின்றன. கரிய பசை ஹோஸின் ரப்பர். பித்தளை போல மின்னும் துகள்கள் தெரிந்தால் மோட்டாரின் புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) தேய்ந்திருக்கிறதா என்று பின்னால் கவனமாகப் பாருங்கள்.

பிரித்தல்

வெள்ளைத் துணி விரித்த மேசையும், அடுக்கடுக்காகப் பிரித்துவைக்கச் சிறு கிண்ணங்களும், ஒவ்வொரு படியிலும் படம் பிடிக்கக் கைபேசியும் வேண்டும். அலகை வைஸில் பிடிக்கும்போது தாடைகளுக்கு மரத்துண்டு கொடுங்கள். மோட்டாரின் உடல் மெல்லிய தகடு, நசுங்கிவிட்டால் உள்ளே சுழலும் பகுதியான ஆர்மேச்சர் உரசும்.

தொட்டிக்கும் பம்ப் உடலுக்கும் குறுக்கே ஒரு நேர்கோட்டைக் கீறிக்கொள்ளுங்கள். பிறகு தொட்டியின் முனையிலுள்ள நடு போல்ட்டைக் கழற்றித் தொட்டியையும் அதன் ஓ-ரிங்கையும் எடுங்கள். இப்போது பம்பின் வால்வுத் தட்டு தெரியும். அதன் திருகுகளைக் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, அலகை நிமிர்த்திப் பிடித்தபடி தட்டை நேராக மேலே தூக்குங்கள். அந்தத் தட்டில் சிறு எஃகுக் குண்டுகள் இருக்கும். உறிஞ்சும் பக்கத்துக் குண்டு தொட்டியிலிருந்து வரும் வழியைத் திறக்க, அழுத்தப் பக்கத்துக் குண்டு தன் வழியை அடைக்கும். திசை மாறும்போது இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ளும். உருண்டு ஓடினால் கண்டுபிடிப்பது கடினம் என்பதால் தட்டத்தின் மேல் வைத்தே பிரியுங்கள்.

மோட்டார் தண்டையும் உள் ரோட்டரையும் பிணைப்பது இன்னொரு சிறு எஃகுக் குண்டு. தண்டிலுள்ள குழியிலும் ரோட்டரிலுள்ள பள்ளத்திலும் பாதிப்பாதியாக அது உட்கார்ந்திருக்கும். அது இல்லாமல் சேர்த்துவிட்டால் மோட்டார் மட்டும் ஓடும், பம்ப் ஓடாது.

ரோட்டர்களைத் தூக்குவதற்கு முன், மேலே தெரியும் முகங்களில் அழியாத மை கொண்டு அடையாளம் இடுங்கள். ஆணியால் குத்திக் குறியிட வேண்டாம். குத்திய இடத்தில் எழும் மேடு மூடுதட்டை உரசும். பல்லாண்டு ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய முகங்கள் அதே திசையில்தான் திரும்பச் சேர வேண்டும்.

இறுகிய ரோட்டர்களை விடுவித்தல்

இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் பம்பை இழக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பினால், ரோட்டரின் முகத்திலோ உடலின் விளிம்பிலோ விழும் ஒரு கீறல் திரவம் கசியும் நிரந்தர வழியாகிவிடும். நெம்புகோலைக் கையில் எடுக்காமலேயே இந்த வேலை முடியும்.

எந்த ரப்பர் உறுப்பையும் திரும்பப் பயன்படுத்தப் போவதில்லை என்ற முடிவோடு, தொடக்கூடிய சீல்களை எல்லாம் முதலில் அகற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் ஓடிய பம்பாக இருந்தால், உள்ளே உறைந்திருக்கும் கிளைகால் பிசினை ஐசோபிரோப்பைல் ஆல்கஹால் நன்றாகக் கரைக்கும். ரோட்டர் அறையை நிரப்பி, மூடி வைத்து, சில மணி நேரம் கழித்து ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். ஊற்றும் திரவம் நிறமின்றி வரும்வரை இதைத் தொடருங்கள். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். காற்றோட்டமான இடத்தில், சுடரோ தீப்பொறியோ அருகில் இல்லாமல் வேலை செய்யுங்கள்.

பிசின் போன பிறகும் ரோட்டர் அசையாவிட்டால், மீதி துரு. ஆல்கஹாலை முழுவதும் உலர்த்திவிட்டு, துருவில் ஊடுருவும் எண்ணெயை ரோட்டர்களின் விளிம்பைச் சுற்றி விட்டு ஓரிரவு வையுங்கள். மறுநாள், மோட்டாரைப் பம்பிலிருந்து பிரிக்க முடிந்தால் பிரித்துவிட்டு, எந்தப் பாதி இறுகியிருக்கிறது என்று பாருங்கள். சில வேளைகளில் ரோட்டர் தளர்வாகவே இருக்கும், மோட்டாரின் புஷ்தான் தண்டைப் பிடித்திருக்கும். ரோட்டரே இறுகியிருந்தால், கடின மரக்குச்சி ஒன்றை உள் ரோட்டரின் பல்லில் வைத்து, சிறு சுத்தியலால் ஒரு திசையில் மெல்லத் தட்டி, பிறகு எதிர்த்திசையில் தட்டுங்கள். நூலளவு அசைந்தால் போதும். அசைந்ததும் முழுச் சுற்றுக்கு ஆசைப்படாமல், முன்னும் பின்னுமாக ஆட்டி, எண்ணெய் விட்டு, வெளிவரும் துருச் சேற்றைத் துடைத்துத் துடைத்து, வீச்சைச் சிறிது சிறிதாக அகட்டுங்கள்.

அதுவும் பலிக்காவிட்டால் வெப்பம். ஊடுருவும் எண்ணெயைக் கரைப்பான் கொண்டு சுத்தமாக நீக்கிய பிறகே, வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் உடலின் வெளிப்புறத்தை மட்டும், தொட்டால் கை தாங்காத அளவுக்குச் சூடாக்குங்கள். உடல் விரிந்து ரோட்டரின் பிடி தளரும். எரிவாயுச் சுடரை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெப்பம் ஓரிடத்தில் குவிந்தால் உடல் கோணலாகும்.

ரோட்டர்கள் வெளியே வந்ததும் அவற்றின் முகங்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேற்பரப்பில் படிந்த கறையும், உலோகத்தை அரித்த குழியும் வேறு வேறு. கறையை நீக்க, தடித்த சமதளக் கண்ணாடியின் மேல் 1500 எண் வாட்டர் பேப்பரை விரித்து, எண்ணெய் விட்டு, ரோட்டரை எட்டு வடிவத்தில் மிக மென்மையாக ஓட்டுங்கள். கறை போனதும் நிறுத்திவிடுங்கள். பளபளப்புக்காக மேலும் தேய்ப்பது ரோட்டரின் தடிமனைக் குறைக்கும். தடிமன் குறைந்தால் மூடுதட்டுக்கும் ரோட்டருக்கும் இடையே இடைவெளி கூடும். கூடிய இடைவெளியில் அழுத்தம் கசியும். இரு ரோட்டர்களையும் சமமாகத் தேயுங்கள். ஒன்றை மட்டும் தேய்த்தால் உயரம் மாறும்.

சுத்தம் செய்த ரோட்டர்களை அறையில் வைத்து, மேலே ஒரு நேர்விளிம்பு அளவுகோலைக் குறுக்கே நிறுத்தி, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். 0.05 மி.மீ. தகடு தடையே இல்லாமல் நுழைந்தால் அந்தப் பம்பை நான் நம்ப மாட்டேன். பற்களின் விளிம்பிலோ அறையின் சுவரிலோ ஆழமான குழிகள் இருந்தாலும் அப்படியே. இந்த வகைக் கார்களுக்கு மறு உற்பத்திப் பம்புகள் கிடைக்கின்றன. அரித்துப்போன உலோகத்தோடு போராடுவதைவிடப் புதிய பம்பை வாங்கி, பழைய அலகைப் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது.

குண்டுகளிலும் அவை உட்காரும் இடங்களிலும் துருக்குழி இருக்கக் கூடாது. குண்டை மைக்ரோமீட்டரால் அளந்து அதே விட்டமுள்ள புதிய பேரிங் குண்டைப் போடலாம். குண்டு உட்காரும் இடத்தில் லேசான கறை மட்டும் இருந்தால் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் போதும்.

மோட்டாரைப் பார்த்தல்

மோட்டார் தண்டைச் சுற்றியுள்ள சீல் கசிந்திருந்தால் பிரேக் ஆயில் மோட்டாருக்குள் புகுந்திருக்கும். அது காயில்களின் வார்னிஷை மென்மையாக்கி, கார்பன் தூளோடு சேர்ந்து கரிய கூழாகிப் பிரஷ்களைப் பிடித்துக்கொள்ளும். உடலிலும் மூடியிலும் அடையாளக் கோடு கீறிவிட்டு, நீண்ட போல்ட்டுகளைக் கழற்றித் திறங்கள். தண்டின் இரு முனைகளிலும் உள்ள வாஷர்களின் வரிசையும் எண்ணிக்கையும் மாறக் கூடாது.

ஆர்மேச்சரையும் காயில்களையும் கரைப்பானில் ஊறவைக்காதீர்கள். மின்சாதனங்களுக்கான கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். பிரஷ்கள் உரசும் தாமிர வளையமான கம்யூட்டேட்டரை 600 எண் உப்புத்தாளால் சுற்றிச் சுற்றி மெருகிட்டு, தாமிரப் பட்டைகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களைக் கூரான மரக்குச்சியால் சுத்தம் செய்யுங்கள். எமரித் துணி வேண்டாம்; அதன் துகள் பட்டைகளுக்கு இடையே சிக்கிச் சுற்றைக் குறுக்கிவிடும். பிரஷ்கள் தம் கூட்டில் தடையின்றிச் சறுக்க வேண்டும்.

மல்டிமீட்டரால் இரண்டு சோதனைகள் போதும். ஆர்மேச்சரின் தாமிரப் பட்டைகளுக்கும் தண்டுக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. எர்த் பிரஷ்ஷை இணைப்பிலிருந்து விலக்கி வைத்த நிலையில், இரு ஃபீல்டு காயில்களுக்கும் உடலுக்கும் இடையேயும் தொடர்பு இருக்கக் கூடாது. காயில்கள் இரண்டும் ஏறத்தாழ ஒரே மின்தடையைக் காட்ட வேண்டும். ஒன்று ஏற்றுவதற்கு, மற்றொன்று இறக்குவதற்கு. ஒன்று மட்டும் துண்டித்திருந்தால் கூரை ஒரு திசையில் மட்டும் நகரும். எரிந்த வாடை வீசும் காயிலை மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் காட்டுங்கள்.

எந்தத் திரவத்தை ஊற்றுவது

பழைய ஹைட்ரோ-லெக்ட்ரிக் கார்களில் பிரேக் ஆயில்தான். பிந்தைய கார்களில் படிப்படியாக ஏ.டி.எஃப். வந்தது. மாறிய ஆண்டு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், உங்கள் காருக்குரிய தொழிற்சாலைக் கையேடு சொல்வதே முடிவு. அதைவிட முக்கியம், இப்போது காரில் இருக்கும் சிலிண்டர்களும் ஹோஸ்களும் எதற்காகச் செய்யப்பட்டவை என்பது. முந்தைய உரிமையாளர் அவற்றை மாற்றியிருக்கக்கூடும்.

அந்த உறுப்புகள் பிரேக் ஆயிலுக்குரியவையாக, நல்ல நிலையில் இருந்தால், புதிய டாட் 3 (கிளைகால் வகைப் பிரேக் ஆயில்) ஊற்றி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். எப்படியும் எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டிய நிலை என்றால், ஏ.டி.எஃப்.க்கு உரிய ஹோஸ்கள், சிலிண்டர்கள், பம்ப் சீல்கள் ஆகிய மூன்றையும் வாங்கி, முழுமையாக மாறிவிடுவதே என் தேர்வு. அது ஈரத்தை ஈர்ப்பதில்லை, பெயின்ட்டை அரிப்பதில்லை, ரோட்டர்களுக்கு நல்ல மசகாகவும் இருக்கிறது. பாதி மாற்றுவது கூடவே கூடாது.

தங்கவைக்கும் ஹோஸ்களையும் சிலிண்டர்களையும் பம்ப் வெளியே இருக்கும்போதே கழுவிவிடுங்கள். பிரேக் ஆயில் அமைப்பென்றால் ஆல்கஹாலை மட்டும் பயன்படுத்துங்கள். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ அந்த ரப்பரைக் கெடுத்துவிடும். தண்டைக் கையால் இழுத்தும் தள்ளியும் சிலிண்டரின் இரு அறைகளையும் அலசி, அழுக்கு நின்றதும், ஊற்றப்போகும் திரவத்தாலேயே கடைசியாக ஒருமுறை அலசுங்கள்.

சேர்த்தல்

ஒவ்வொரு உறுப்பையும் ஊற்றப்போகும் அதே திரவத்தில் நனைத்துச் சேருங்கள், கிரீஸ் வேண்டாம். புதிய தண்டு சீலின் உதடு திரவம் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். தண்டின் விளிம்பு கூராக இருந்தால் சீலை அறுத்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தண்டில் சுற்றி, அதன் மேலாக சீலை வழுக்கி இறக்கி, தாளை உருவிவிடுங்கள்.

பிணைப்புக் குண்டைத் தண்டின் குழியில் வைத்து, உள் ரோட்டரை அதன்மேல் இறக்கி, வெளி ரோட்டரை அடையாளக் குறி மேலே தெரியும்படி பொருத்துங்கள். கையால் சுழற்றிப் பாருங்கள். எஃகுக் குண்டுகள் தத்தம் இடத்தில் இருக்க, வால்வுத் தட்டை வைத்துத் திருகுகளைக் குறுக்கு வரிசையில் இறுக்குங்கள். ஒவ்வொரு திருகை இறுக்கிய பின்னும் தண்டைச் சுழற்றிப் பார்ப்பது நல்லது. இறுக்கும்போது சுழற்சி கனத்தால், தட்டுக்கு அடியில் தூசியோ மேடோ இருக்கிறது. மீண்டும் திறந்து துடையுங்கள். தட்டுக்கும் உடலுக்கும் இடையே சிலிக்கோன் பசை தடவக் கூடாது. பிதுங்கும் பசை எஃகுக் குண்டின் வழியில் போய் அடைத்துக்கொள்ளும்.

தொட்டியைப் புதிய ஓ-ரிங்குடன், கீறிய கோடுகள் ஒன்றாகச் சேரும்படி பொருத்துங்கள்.

மேசைமேல் சோதனை

காரில் ஏற்றும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும். தொட்டியில் திரவம் ஊற்றி, பம்பின் இரு துளைகளையும் சிறு ஹோஸ் ஒன்றால் ஒன்றோடொன்று இணைத்து, இரு திசைகளிலும் சில விநாடிகள் ஓட்டுங்கள். முதலில் காற்றின் சலசலப்புக் கேட்கும். பிறகு ஓசை சீராகும்.

அடுத்து, ஒரு துளையில் சதுர அங்குலத்துக்கு 500 பவுண்டு வரை காட்டும் அழுத்தமானியைப் பொருத்தி, மறு துளையை உலோக அடைப்பால் மூடி, மானி உள்ள துளைக்கு அழுத்தம் வரும் திசையில் மோட்டாரைச் சில விநாடிகள் மட்டும் ஓட்டுங்கள். நல்ல அலகு சதுர அங்குலத்துக்கு 340 முதல் 380 பவுண்டு வரை, அதாவது சதுர செ.மீ.க்குச் சுமார் 24 முதல் 27 கிலோ வரை, காட்ட வேண்டும். பிறகு மானியை மறு துளைக்கு மாற்றி எதிர்த்திசையில் சோதியுங்கள். இரண்டுக்கும் சிறு வேறுபாடு இருக்கலாம். ஒரு திசையில் மட்டும் அழுத்தம் ஏறாவிட்டால் அந்தப் பக்கத்து எஃகுக் குண்டு சரியாக உட்காரவில்லை. இரு திசையிலும் குறைவாக இருந்தால் ரோட்டர் தேய்மானம்.

கசிவைத் தேட விரலை ஓட்டாதீர்கள். இந்த அழுத்தத்தில் மெல்லிய தாரை தோலைத் துளைக்கக்கூடும். ஓர் அட்டைத் துண்டை அருகே நகர்த்திப் பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும்.

காரில் நிரப்பிக் காற்றை வெளியேற்றுதல்

ஹோஸ்களைக் குறித்துவைத்தபடி இணைத்து, எர்த் திருகின் அடியிலுள்ள துருவைச் சுரண்டி, தண்டுகளைச் சட்டகத்துடன் மீண்டும் இணையுங்கள். கூரை ஏற்றிய நிலையில் தொடங்குங்கள். உதிரி நிரப்பு அடைப்பு ஒன்றில் துளையிட்டுச் சிறு உலோகக் குழாயைப் பற்றவைத்துக்கொண்டு, அதை அடைப்பின் இடத்தில் பொருத்தி, நான்கைந்து அடி நீள ரப்பர்க் குழாயை அதனோடு இணைத்து, மறுமுனையைத் திரவம் நிறைந்த பாத்திரத்தில் அமிழ்த்துங்கள். முனை எப்போதும் திரவத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். இந்த முறையில் பம்ப் தனக்கு வேண்டியதைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். காற்றும் பாத்திரத்துக்குள்ளேயே குமிழியிட்டு வெளியேறும்.

இன்ஜினை ஓடவிட்டு, கூரையை இறக்குங்கள். முழுதும் இறங்கிய பின்னும் 15 முதல் 20 விநாடி வரை, பம்பின் ஓசை தெளிவாகக் குறையும்வரை சுவிட்சைப் பிடியுங்கள். பிறகு பலமுறை ஏற்றி இறக்குங்கள்; இடையிடையே மோட்டார் ஆறட்டும். இருபுறமும் தடங்கலின்றி, ஒரே வேகத்தில் கூரை நகரத் தொடங்கினால் காற்று போய்விட்டது.

குழாயை அகற்றி அடைப்பை மூடும்போது கூரை இறங்கிய நிலையில் இருக்க வேண்டும். தண்டுகள் உள்ளே இழுக்கப்பட்டிருக்கும் அந்த நிலையில்தான் சிலிண்டர்கள் மிகக் குறைந்த திரவத்தைக் கொள்கின்றன. மீதியெல்லாம் தொட்டிக்குத் திரும்பியிருக்கும். அப்போது மட்டம் நிரப்புத் துளையின் கீழ்விளிம்புக்குக் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ., தாழ்வாக இருப்பது சரி.

அடுத்த இரண்டு வாரங்களில் ஓரிருமுறை பின்னிருக்கைக்குப் பின்னால் டார்ச் அடித்து, பம்பின் அடியிலும் ஹோஸ் இணைப்புகளிலும் சிலிண்டர்களில் தண்டு நுழையும் இடத்திலும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஆண்டுகள் அசையாதிருந்த சிலிண்டர் சீல்கள், பம்ப் மீண்டும் முழு அழுத்தம் தரத் தொடங்கிய பிறகே தம் பலவீனத்தைக் காட்டும். ஒன்று கசிந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்; பழையதும் புதியதுமாக இருந்தால் கூரையின் ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் பிந்தி, சட்டகம் முறுக்கிக்கொள்ளும். அதன் பின் மாதம் ஒருமுறையேனும் கூரையை முழுதாக ஏற்றி இறக்கி, ரோட்டர்களின் மேல் திரவப்படலம் உலராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.